மேடையா, ஏடா: நிகழ்த்துகலையில் எந்த முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது?

கச்சேரி செய்கிறவரும் ஆடுகிறவரும் நாடகம் இயக்குகிறவரும் முனைவர் பட்டம் என்று யோசிக்கத் தொடங்கினால் முதலில் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பெயரை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. படிப்பின் முடிவில் தேர்வாளர் எதை வைத்து உங்களுக்குப் பட்டம் தருகிறார்? நீங்கள் வாசித்ததைக் கேட்டா, எழுதியதைப் படித்தா, இரண்டையும் சேர்த்தா? விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள், எத்தனை ஆண்டு பிடிக்கும், பணம் எங்கிருந்து வரும், திரும்பி வந்த பிறகு பட்டம் எதற்குச் செல்லும் என்பதெல்லாம் இந்த ஒரு பதிலிலிருந்தே பிரிகின்றன.

அப்படிப் பார்த்தால் முன்னால் இருப்பவை நான்கு பாதைகள். அமெரிக்காவின் டி.எம்.ஏ. என்கிற இசைக்கலை முனைவர் பட்டம் ஒன்று. பிரிட்டனில் நிகழ்த்துதலையே ஆய்வாக ஏற்கும் முனைவர் பட்டம் இரண்டாவது. நார்வே, பின்லாந்து நாடுகளின் கலைவழி ஆய்வுப் பட்டம் மூன்றாவது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. நான்காவது.

டி.எம்.ஏ.: கைக்குத் தரும் பட்டம்

1950களில் அமெரிக்காவில் இது உருவானதற்குக் காரணம் வேலைவாய்ப்பு. பல்கலைக்கழக இசைத்துறைகள் ஆசிரியரிடம் முனைவர் பட்டம் எதிர்பார்க்கத் தொடங்கின. பியானோ கலைஞர் ஒருவர் அதற்காக இசை வரலாற்றில் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. ராச்செஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் இசைப்பள்ளியும் அதன் இயக்குநர் ஹோவர்ட் ஹான்சனும் முன்னின்று, வாசிப்பவரின் வாசிப்புக்கே முனைவர் தகுதி தரும் பட்டத்தை நிலைநாட்டினார்கள்.

இன்றைய டி.எம்.ஏ.வில் பொதுவாக இரண்டு ஆண்டு பாடங்கள், மூன்று நான்கு தனிக் கச்சேரிகள், அவற்றில் நம் சபாக்களின் லெக்-டெம் போல விளக்கத்தோடு வாசிக்கும் நிகழ்ச்சி ஒன்று, பிறகு எழுத்திலும் வாய்மொழியிலும் ஒரு முழுமைத் தேர்வு, கடைசியில் ஓர் ஆய்வுரை. ஆய்வுரை பிஎச்.டி. ஆய்வேட்டைவிடச் சிறியது. ஆனால் பலர் சிக்கிக்கொள்வது அதில்தான். கச்சேரிகளையெல்லாம் முடித்து, ஊர் மாறி, வேலையில் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவார்கள். பட்டத்துக்கான கால வரம்பு முடிந்துவிடும். தலைப்பை முதல் ஆண்டிலேயே முடிவு செய்து, விளக்கக் கச்சேரியை அதே தலைப்பில் வைத்துக்கொண்டால் பாதி எழுத்து அங்கேயே முடிந்துவிடுகிறது.

விண்ணப்ப வேலை ஆகஸ்டில் தொடங்க வேண்டும். பல பள்ளிகளின் கடைசி நாள் டிசம்பர் 1. அதற்குள் முன்தேர்வுக்கான காணொலி, முழு வாசிப்புப் பட்டியல், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்கக் கட்டுரை, எழுத்து மாதிரி, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் ஆகியவை தயாராக இருக்க வேண்டும். காணொலியில் தேறியவர்களை ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நேரடித் தேர்வுக்கு அழைப்பார்கள். மார்ச் கடைசியில் முடிவு வரும். நிதியுதவியோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களிடையே உடன்பாடு இருக்கிறது. அதற்கு முன்பே முடிவு சொல்லும்படி யாராவது நெருக்கினால், அந்த உடன்பாட்டில் அவர்கள் இருக்கிறார்களா என்று பணிவாகக் கேட்கலாம்.

முன்தேர்வுக் காணொலியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல கலைஞர்கள் கழிந்துபோகும் இடம் அது. கைபேசியில் பதிவு செய்தால் அதன் தானியங்கி ஒலிச் சரிசெய்தல் மெல்லிய இடத்தை உயர்த்தி, உரத்த இடத்தை அமுக்கிவிடும். இருபது ஆண்டு உழைத்துப் பெற்ற ஏற்ற இறக்கம் கேட்பவருக்குத் தட்டையாகப் போய்ச் சேரும். தனி ஒலிப்பதிவுக் கருவி வேண்டும். தானியங்கிச் சரிசெய்தலை அணைத்துவிட்டு, மிக உரத்த இடமும் உச்சத்துக்கு 6 டெசிபல் கீழே நிற்கும்படி வைக்க வேண்டும். கிராண்ட் பியானோவுக்கு மைக் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒலியும் படமும் தனித்தனியாக எடுக்கப்படுவதால், தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டிவிட்டு அந்த இடத்தை வைத்து இரண்டையும் பொருத்துங்கள். அரை நொடி பிசகினாலும் ஒட்டுவேலை என்ற சந்தேகம் வரும். ஓர் உருப்படிக்குள் வெட்டு கூடாது. கையும் முகமும் தெரிய வேண்டும். ஒரே கேமரா போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கத் திட்டமிட்டால் கடைசி உருப்படி களைத்துப்போய்விடும். இரண்டு நாட்களாகப் பிரித்து, கடினமானதை முதலில் எடுங்கள்.

நேரடித் தேர்வுக்குச் சுமார் ஒரு மணி நேர வாசிப்பைத் தயார் செய்யச் சொல்வார்கள். பியானோ என்றால் பரோக் காலப் படைப்பு ஒன்று, செவ்வியல் காலச் சொனாட்டா ஒன்று, பெரிய ரொமான்டிக் படைப்பு ஒன்று, 20ஆம் அல்லது 21ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது ஒன்று. கேட்பது அதில் 15, 20 நிமிடம்தான். நடுவில் நிறுத்தி அடுத்ததை வாசிக்கச் சொல்வார்கள். பிடிக்கவில்லை என்று அதற்குப் பொருளில்லை. எந்த இடத்திலிருந்தும் தொடங்கப் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்து மாதிரி இன்னொரு தடைக்கல். முதுகலையில் முழுக்க வாசித்தே காலம் கழித்தவரிடம் அடிக்குறிப்புகளோடு எழுதிய 15 பக்கக் கட்டுரை இருக்காது. கச்சேரிக்கு எழுதிய அறிமுகக் குறிப்பை அனுப்புவார்கள். அது எடுபடாது. எதிர்பார்ப்பது ஒரு கேள்வி, அதற்குச் சான்று, முன்னால் எழுதியவர்களோடு ஓர் உரையாடல். இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே ஒன்றை எழுதி, ஓர் ஆய்வாளரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவதுதான் வழி.

சேர்ந்தவுடன் பல பள்ளிகளில் இசைக் கோட்பாடு, செவிப்பயிற்சி, இசை வரலாறு ஆகியவற்றில் தகுதித் தேர்வு வைப்பார்கள். தேறாத பாடத்தை மீண்டும் படிக்க வேண்டும். அந்தப் பாடங்கள் பெரும்பாலும் பட்டக் கணக்கில் சேராது. படிப்பு அரை ஆண்டு, ஓராண்டு நீண்டுபோவது இப்படித்தான். மேற்கத்திய இசையைத் தேர்வு வாரியங்களின் கிரேடு முறையில் மட்டும் படித்து வந்தவர்கள் இதற்கென்றே ஒரு கோடையை ஒதுக்க வேண்டும்.

நம் வாசகர்களுக்கு முக்கியமான கேள்வி: வீணையோ மிருதங்கமோ வாசிப்பவர் டி.எம்.ஏ.வுக்குப் போகலாமா? பெரும்பாலும் முடியாது என்பதே நேர்மையான பதில். அந்தப் பட்டம் மேற்கத்தியச் செவ்வியல் வாத்தியம், குரல், நடத்துநர், இசையமைப்பு என்ற பிரிவுகளின் மேல் கட்டப்பட்டது. உங்களைக் கேட்டுத் தீர்மானிக்க அங்கே குழுவே இருக்காது. விதிவிலக்கான ஒன்று, வாசிப்பவரே இசையமைப்பவராகவும் இருப்பதை மையமாக வைத்த கலிபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் டி.எம்.ஏ. கர்நாடக இசைக்காரர்களுக்கு அமெரிக்காவில் பழகிய வழி வேறு. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலிருந்து கர்நாடக இசை கற்பிக்கப்படுகிறது. பரதநாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதி அங்கே கற்பித்திருக்கிறார். அவருடைய தம்பியும் புல்லாங்குழல் கலைஞருமான டி. விஸ்வநாதன் அங்கேயே முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். ஆனால் அது இனக்குழு இசையியலில், அதாவது இசையை அதன் சமூகப் பண்பாட்டோடு வைத்து ஆராயும் துறையில், பிஎச்.டி. பாடிக்கொண்டே இருக்கலாம், பட்டத்தைத் தீர்மானிப்பது ஏடு.

நடனத்துக்கும் நாடகத்துக்கும் இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இந்தத் துறைகளில் கலைஞர்களுக்கான உச்சப் பட்டமாகக் கொள்ளப்படுவது எம்.எஃப்.ஏ. என்கிற கவின்கலை முதுகலைப் பட்டம். பல்கலைக்கழகத்தில் ஆடக் கற்பிக்கவோ நடிக்கக் கற்பிக்கவோ அதுவே போதும். ரிவர்சைடில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம், டெக்சஸ் மகளிர் பல்கலைக்கழகம் போன்றவை தரும் நடன பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கானது. யேல் நாடகப்பள்ளியின் டி.எஃப்.ஏ. என்கிற கவின்கலை முனைவர் பட்டம் பெயரைப் பார்த்தால் தொழிற்கலை முனைவர் போலத் தோன்றும். அது அங்கேயே நாடக ஆலோசனையும் விமர்சனமும் என்ற துறையில் எம்.எஃப்.ஏ. முடித்தவர்களுக்கு மட்டும். ஆடுவதையும் இயக்குவதையும் முனைவர் அளவில் தொடர நினைப்பவர் அமெரிக்காவைத் தாண்டிப் பார்ப்பது நல்லது.

பிரிட்டன்: கேள்வியோடு ஆடுகிறவருக்கு

அப்படிப் பார்க்கும்போது முதலில் வருவது பிரிட்டன். லண்டனில் ராயல் சென்ட்ரல் நாடகப்பள்ளி, கில்ட்ஹால் இசை நாடகப்பள்ளி, ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், நடனத்துக்கு ரோஹாம்ப்டன் என்று பல இடங்களில் நிகழ்த்துதலே ஆய்வின் ஒரு பகுதியாக ஏற்கப்படுகிறது. சமர்ப்பிப்பது நிகழ்ச்சிகளின் தொகுப்பும் அவற்றோடு எழுத்தும். முழு ஆய்வேடு 80,000 சொல் அளவு என்றால், நிகழ்ச்சியோடு சேர்ந்த எழுத்து பொதுவாக அதில் பாதிக்கு அருகில் நிற்கும். கால அளவு முழுநேரமாக மூன்று, நான்கு ஆண்டு. முடிவில் உள்தேர்வாளரும் வெளித்தேர்வாளரும் நடத்தும் வாய்மொழித் தேர்வு.

இங்கே நேரடி நடிப்புத் தேர்வோ வாசிப்புத் தேர்வோ இரண்டாம் பட்சம். விண்ணப்பத்தின் உயிர் 1,000 முதல் 2,000 சொல் வரை உள்ள ஆய்வுத் திட்டத்தில் இருக்கிறது. நம்மவர்களின் திட்டங்கள் தள்ளப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தலைப்பு இருக்கும், கேள்வி இருக்காது. “பரதநாட்டியத்தில் பெண்ணியம்” என்பது தலைப்பு. “அமர்ந்தபடி செய்யும் பத அபிநயத்தை, பார்வையாளர் நான்கடி தூரத்தில் இருக்கும் அறையில் செய்தால் சஞ்சாரியின் (ஒரே வரியைப் பல விதமாக விரித்து அபிநயிப்பதன்) நீளமும் முகபாவத்தின் அளவும் எப்படி மாறுகின்றன?” என்பது கேள்வி. இதற்கு நூலகத்தில் பதில் கிடையாது, ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஏன் ஆடுவதே ஆய்வு என்று அதற்குமேல் விளக்கத் தேவையில்லாதபடி கேள்வி அமைந்தால் திட்டம் பாதி வென்றுவிட்டது.

அடுத்தது நெறியாளர். விண்ணப்பிக்கும் முன் அவருக்கு மின்னஞ்சல் எழுதுவது அங்கே வழக்கம். கடிதம் பத்து வரிக்குள் இருக்கட்டும்: கேள்வி இரண்டு வரியில், உங்கள் பயிற்சி இரண்டு வரியில், அவருடைய எந்தக் கட்டுரையோடு அல்லது எந்த நிகழ்ச்சியோடு உங்கள் வேலை சேர்கிறது என்பது இரண்டு வரியில், ஐந்து நிமிடக் காணொலிக்கு ஒரு இணைப்பு. பரதக் கலைஞர்கள் அனுப்பும் காணொலியில் பாதம் வெட்டுப்பட்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. பாதம் முதல் தலை வரை தெரிய, நிலையான கேமராவில், வெட்டில்லாத ஒரே பகுதியை அனுப்புங்கள். பின்னணி இசை சேர்த்த மின்னல் தொகுப்பு நெறியாளருக்கு ஒன்றும் சொல்லாது. விருதுப் பட்டியலையும் இணைக்க வேண்டாம்.

சேர்ந்த பிறகு தவறுவது ஆவணத்தில். ஒத்திகையை முதல் நாளிலிருந்தே பதிவு செய்யாதவர் மூன்றாம் ஆண்டில் நினைவிலிருந்து எழுதுகிறார். அது தேர்வாளரிடம் நிற்பதில்லை. உடன் ஆடுபவர்களையும் வாசிப்பவர்களையும் படம்பிடிக்கும் முன்பே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் அவர்களுடைய எழுத்துச் சம்மதமும் வேண்டும். பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்ட பதிவை ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போகும். தேர்வாளர்களை எவ்வளவு சீக்கிரம் நியமிக்கச் செய்ய முடியுமோ அவ்வளவு நல்லது. அவர்கள் நிகழ்ச்சியை நேரில் பார்க்காவிட்டால் நீங்கள் ஆடியது அவர்களுக்கு ஒரு காணொலி மட்டுமே.

பணத்தைப் பொறுத்தவரை, பிரிட்டன் அரசின் ஆய்வு அமைப்பு வழங்கும் உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு 2025-26இல் ஆண்டுக்கு 20,780 பவுண்டு. அந்த உதவித்தொகை இடங்களில் வெளிநாட்டு மாணவருக்கு 30 விழுக்காடு வரைதான். அது இல்லாமல் வெளிநாட்டுக் கட்டணத்தைக் கைப்பணத்திலிருந்து கட்டுவது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாங்காது. கடன் வாங்கிப் போகத்தக்க படிப்பு இதுவல்ல. விசா நிலை மட்டும் கொஞ்சம் சாதகம்: 2024 ஜனவரிக்குப் பிறகு சாதாரண முதுகலை மாணவர் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது, முனைவர் மாணவருக்கு அந்தத் தடை இல்லை. பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டு தங்கி வேலை பார்க்கவும் வழி உண்டு.

பெயர்க் குழப்பம் ஒன்று. பிரிட்டனில் டி.மியூஸ். (இசை முனைவர்) என்ற எழுத்துகள் ஓரிடத்தில் படித்துப் பெறும் பட்டத்தைக் குறிக்கும். ஆக்ஸ்போர்டில் அதே எழுத்துகள், வாழ்நாள் படைப்புகளைச் சமர்ப்பித்துப் பெறும் உயர் முனைவர் பட்டம். பெயரை வைத்து ஒப்பிட வேண்டாம், விதிமுறை நூலைத் திறந்து தேர்வு முறையைப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைப்பவர் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: படிப்பில் மூன்றில் இரண்டு பங்காவது ஆய்வாக இருக்கிறதா? இருந்தால்தான் அது ஆய்வுப் பட்டம், அரசின் ஆய்வு உதவித்தொகைக்கும் வழி உண்டு. இல்லையென்றால் அது கட்டணப் படிப்பு.

நார்வே, பின்லாந்து

நார்வேயில் 2018 முதல் கலைவழி ஆய்வுக்கென்றே தனி பிஎச்.டி. இருக்கிறது. அங்கே முனைவர் மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். பொதுவாக மூன்று ஆண்டுப் பணி, கல்விக் கட்டணம் கிடையாது. எனவே இது சேர்க்கையாக அல்ல, வேலை விளம்பரமாக வரும். ஆண்டுதோறும் ஒரே தேதியில் வராது, இடங்களும் மிகக் குறைவு. பின்லாந்தில் சிபேலியஸ் அகாடமி என்கிற இசைப்பள்ளியில் முனைவர் படிப்புக்குக் கட்டணம் இல்லை. கலைவழிப் பிரிவில் பெரும்பாலும் ஐந்து கச்சேரிகளும் ஓர் எழுத்துப் பகுதியும் சேர்ந்து ஆய்வாகின்றன. ஆனால் இடம் கிடைப்பதும் பணம் கிடைப்பதும் அங்கே இரு வேறு விஷயங்கள். ஹெல்சிங்கியில் வாழ்க்கைச் செலவுக்குக் கோனே அறக்கட்டளை போன்றவற்றிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த நாடுகளில் எந்த மரபிலிருந்து வருகிறீர்கள் என்பது தடையாவது குறைவு. எங்கள் மதிப்பீட்டில், ஏற்கெனவே பத்தாண்டு மேடை அனுபவமும் தனக்கென்று ஒரு கலைக் கேள்வியும் உள்ளவருக்கு நான்கில் மிகச் சிறந்த பாதை இதுதான். இப்போதுதான் முதுகலை முடித்த 23 வயதுக்காரருக்கு அல்ல.

இந்தியாவில் பிஎச்.டி.

சென்னையில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத்துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், நாடகத்துக்கும் நடனத்துக்கும் ஹைதராபாத் பல்கலைக்கழகம் என்று இடங்கள் உண்டு. விதிகள் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 ஒழுங்குமுறையில் தெளிவாக இருக்கின்றன: முதுகலையில் 55 விழுக்காடு (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு), குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள், குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு ஆண்டு. வேலையில் இருப்பவர் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றோடு பகுதி நேரமாகவும் செய்யலாம். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் இசைக்குப் பாட எண் 16. நடனம், நாடகத்துக்கு 65. அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000.

இதன் பலம், செலவு குறைவு என்பதும் குருவின் அருகிலேயே இருக்கலாம் என்பதும். பலவீனம், தேர்வு முழுவதும் ஏட்டின் மேல் நடக்கிறது. ஆறு ஆண்டும் நீங்கள் பாடியது கணக்கில் வராது. நெறியாளர் பதிப்பிலும் சுவடியிலும் தேர்ந்தவராக இருந்து, உங்கள் கேள்வி லயப் பயிற்சியைப் பற்றியது என்றால் இருவருக்கும் துன்பம். ஒரு பேராசிரியர் எட்டுப் பேரை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. எனவே யாரிடம் இடம் காலி என்பதை நுழைவுத் தேர்வுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கல்லூரி வேலைக்காக மட்டும் முனைவர் பட்டம் தேடுபவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் இசைக்கும் நடனத்துக்குமென்றே இன்னொரு வாசலும் உண்டு: தேர்ந்த ஆசானிடம் பயின்று, துறையில் இளங்கலையும் வானொலி அல்லது தூர்தர்ஷனில் ஏ கிரேடும், கலையைக் காரண காரியத்தோடு விளக்கும் திறனும் உள்ள கலைஞரை உதவிப் பேராசிரியராக எடுக்கலாம். மேடையில் வலுவாக இருக்கும் ஒருவர் ஆறு ஆண்டு ஆய்வேட்டுக்குப் பதில் அந்த கிரேடுக்கு உழைப்பது பல நேரம் அறிவான தேர்வு.

நிதிக் கடிதத்தைப் படிக்கும் முறை

அமெரிக்க அழைப்புக்குத் திரும்புவோம், பணக் குழப்பம் அங்கேதான் அதிகம். ஜூலியார்டில் டி.எம்.ஏ. மாணவருக்கு முழுக் கல்விக் கட்டண உதவி உண்டு. யேல் இசைப்பள்ளியில் 2005இல் வந்த 100 மில்லியன் டாலர் நன்கொடைக்குப் பிறகு மாணவர்கள் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. அங்கே இரண்டு ஆண்டு வளாகத்தில் இருந்துவிட்டு, தொழிலில் இருந்தபடியே மீதியை முடிக்கும் முறையும் இருக்கிறது. இந்த இடங்கள் மிகச் சில. மற்ற இடங்களில் ‘முழு உதவி’ என்ற சொல்லை நம்பாமல் நான்கைக் கேளுங்கள். கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, வெளிமாநிலக் கூடுதல் தொகை மட்டுமா? மாணவர் கட்டணங்கள் தனியா? உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் உறுதி? மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. உதவி ஆசிரியர் பணியே அந்த 20 மணி நேரத்தை விழுங்கிவிடும், குறைகிற தொகையை வெளியே வாசித்துச் சம்பாதிக்கவும் வழியில்லை.

வெளிநாட்டுப் பட்டத்தோடு இந்தியாவில் வேலைக்குத் திரும்ப எண்ணமிருந்தால் சமநிலைச் சான்று வேண்டும். 2025 ஏப்ரலில் யு.ஜி.சி. இதற்குத் தனி ஒழுங்குமுறை வெளியிட்டிருக்கிறது. டி.எம்.ஏ. என்ற எழுத்துகள் ஓர் அலுவலக எழுத்தருக்குத் தாமாகவே விளங்காது. பாடத்திட்டம், கிரெடிட் கணக்கு, நேரடி வகுப்பு விவரம், தேர்வு விதிகள், பட்டம் முனைவர் நிலையிலானது என்று பதிவாளர் தரும் கடிதம் ஆகியவற்றை அங்கே மாணவராக இருக்கும்போதே முத்திரையோடு வாங்கி வையுங்கள். ஊர் திரும்பிய பிறகு மின்னஞ்சலில் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும், சில நேரம் பாடத்திட்டமே அதற்குள் மாறியிருக்கும்.